ஐந்தாம் துளை

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அத்தானுக்கு முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு வலிக்கிறது, அவரும் அவர் இஷ்டத்துக்கு நடக்கிறார். அந்தப் பொட்டல் முகாமில் உனக்குச் சோறு தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்கிறதா? போன் எடுக்காத இடத்தில் போய்த் தண்ணீருக்குத் துளை போடுகிறாய், சரி. தபாலையாவது ஒழுங்காகப் போடு.

இந்த வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு கூத்து. நடுத்தெருவில் சாக்கடைத் தொட்டி அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து மூடியைத் தூக்கினார். தூக்கியவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? ஓரமாகக் குந்திக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். குப்பென்று ஒரு நீலத் தீ ஆள் உயரம் எழும்பி அணைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அவருக்கு இரண்டு புருவமும் பாதி மீசையும் போயின. வலியைவிட வெட்கம்தான் அதிகம். மூன்று நாளாக ஆளைக் காணோம். மூலை வீட்டுக் கணக்கு டீச்சர், “இனிமே அவரு ஆச்சரியப்பட்டாக்கூட நமக்குத் தெரியாது” என்றாள். நான் தைத்துக்கொண்டிருந்த விரலில் ஊசியை ஏற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். பூமிக்கு அடியிலிருந்து ஏதோ வாயு வருகிறதாம். ஆராய ஆள் வரும் என்றார்கள்.

இன்னொரு சேதி. மாப்பிள்ளை மறுபடி கப்பலுக்குப் போகிறார். மகளும் குழந்தையும் அடுத்த மாதம் இங்கே வந்துவிடுவார்கள். என் தையல் அறையை ஒதுக்கிக் கொடுக்கப்போகிறேன். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அந்தப் பின்னறைதான். குழந்தைக்கு மூன்று மாதம்தான் ஆகிறது, கன்னம் மட்டும் மூன்று வயதுக்கு இருக்கிறது. உருண்டை என்று பெயர் வைத்துவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தான் முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல். இங்கே சாப்பாட்டு லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வரும். தபாலும் தக்காளியும் ஒரே மூட்டையில் வருவதால் உன் கடிதம் கொஞ்சம் புளிப்பாக இருந்தது.

இருநூறு அடி போய்விட்டோம், ஈரம்கூட இல்லை. மேலதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

பிளம்பர் கதையை முகாமில் சொல்லிச் சிரித்தோம். அந்தத் தொட்டி நடுத்தெருவில் எந்தப் பக்கம்? பூங்கா மதிலை ஒட்டியா, தள்ளியா? சும்மாதான் கேட்கிறேன், நம் தொழில் புத்தி. அங்கே மழை உண்டா? மருமகள் என்றைக்கு வருகிறாள்?

அன்புடன்,
தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நலம். மகளும் உருண்டையும் வந்து நான்கு நாள் ஆகிறது. வீடு நிறைந்து கிடக்கிறது. குழந்தை பின்னறையில் கதவைச் சாத்தினால் நன்றாகத் தூங்குகிறாள், திறந்தால் ஊரைக் கூட்டுகிறாள்.

நீ கேட்ட தொட்டி பூங்கா மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆராய வந்திருப்பவர் ஒரு பெண். ரப்பர் பூட்ஸ், கையில் டிபன் பெட்டி அளவுக்கு ஒரு கருவி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். வீடு வீடாகப் போய், தரை வெடிப்பிலும் குழாய் நுழையும் ஓட்டையிலும் வைத்துப் பார்க்கிறாள். பிள்ளைகள் மோப்பம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் காதிலும் விழுந்துவிட்டது. “மோப்பம் பிடிச்சா நான் தோத்தேன்மா. இதுக்கு நாத்தமே கிடையாது. அடுப்பு கேஸ்ல தெரியணும்னே நாத்தத்தைக் கலக்கறாங்க. மண்ணுக்கு அடியில வர்றதுல யாரு கலக்குவாங்க?” என்றாள். வாயுவுக்குப் பெயர் மீத்தேன். உன் அத்தான் உடனே, “பேர்லயே தேன் இருக்கு, இதுக்குப் போயி பயப்படறீங்களே” என்று ஆரம்பித்தார். நான் முறைத்ததும் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடு என்பது ஊரறிந்த விஷயம்தானே. குப்பை மக்க மக்க இந்த வாயு வருமாம். நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு ஸ்விட்சுப் பொறி போதுமாம். மழைக்கு முன்னால் காற்றின் கனம் குறையும்போது கூடுதலாக மேலே வரும், மழை பெய்து மேல் மண் அடைத்துக்கொண்டால் பக்கவாட்டில் வீடுகளுக்குள் நுழையும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். ஆனால் நம் கிழக்குத் தெருவுக்குக் கவலை இல்லை. குடியிருப்பு கட்டும் முன்னால், இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தி, மதில் ஓரமாக ஐந்து துளை போட்டு மண் பார்த்திருக்கிறார்கள். முதல் மூன்றில் குப்பை. நாலாம் துளையும் ஐந்தாம் துளையும் கெட்டிக் களிமண். களிமண்ணைத் தாண்டி வாயு வராதாம். ஐந்தாம் துளை நமக்கும் டீச்சர் வீட்டுக்கும் நேர் பின்னால்.

நீதான் அன்றைக்குக் கிழக்குத் தெரு மட்டும் வேண்டாம், காற்று வராது என்று அத்தானிடம் பிடிவாதம் பிடித்தாய். மனைக் குலுக்கலில் அதுதான் விழுந்தது. குடிபோன அன்று வாசலோடு நின்றுவிட்டுப் போனாய். இப்போது பார், எங்கள் தெருதான் ராசியான தெரு.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துளைகளைப் போட்டது நீ அப்போது வேலை பார்த்த கம்பெனி என்று காகிதத்தில் இருக்கிறதாம். கம்பெனிதான் மூடிவிட்டார்களே. போட்ட ஆள் யார் என்று தெரிந்தால் மோப்பம்மாவுக்கு உதவியாக இருக்கும். உனக்குத் தெரியுமா? மறக்காமல் எழுது. மதில் ஓரத் தகரக் கொட்டகைதான் அவளுடைய அலுவலகம்.

உன் அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதம், மன்னித்துக்கொள். துளை போடும் போர் வண்டி பழுதாகிவிட்டது, பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு லாரி வரவில்லை.

சில விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. குழந்தையைப் பின்னறையில் படுக்க வைக்க வேண்டாம். முன்னறையில் கூடத்தை ஒட்டிப் படுக்க வை. பின்னறை ஜன்னலை எப்போதும் திறந்தே வை. இஸ்திரிப் பெட்டியை அங்கே போடாதே. தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைப் போடும் முன் கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடு. தரையில் வெடிப்பு இருந்தால் சிமெண்ட் பூசு.

இன்னும் நல்லது, மருமகளும் நீயும் இரண்டு மாதம் இங்கே பக்கத்து டவுனில் வந்து இருங்களேன். வீடு பார்த்துத் தருகிறேன். அத்தானும் வரட்டும்.

அங்கே மேகம் போட்டிருக்கிறதா?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் வைத்துக் குடி. நாங்கள் எல்லாரும் நலம்.

உன் கடிதத்தைப் படித்து மகள் சிரிக்கிறாள். “மாமாவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருந்தா இவ்வளவு யோசிக்க நேரம் இருந்திருக்காது” என்கிறாள். தண்ணீரே இல்லாத பொட்டலுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவா? உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா?

இங்கே வேலை நல்லபடியாக முடிந்தது. மதில் ஓரமாக முதல் துளையிலிருந்து நாலாம் துளை வரைக்கும் ஆழமாகப் பள்ளம் தோண்டி, வீட்டுப் பக்கம் தடுப்பு விரிப்பு போட்டு, ஜல்லி நிரப்பி, ஓட்டைக் குழாய்களை நட்டுவிட்டார்கள். வாயு வீட்டுக்குள் வராமல் ஜல்லி வழியாக மேலே போய்விடும். மேற்குத் தெருவுக்கும் நடுத்தெருவுக்கும் வீட்டுக்கு ஒரு அலாரம். பத்து நாளாக ஒன்றும் கத்தவில்லை. பிளம்பருக்குப் புருவம்கூட முளைத்துவிட்டது. மோப்பம்மா நம் பக்கமும் ஒரு சோதனைக் குழாய் இறக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். துளை போடும் எந்திரத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். “அஞ்சாம் துளை சுத்தம்னு இருக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று விட்டுவிட்டாள். அதனால் நமக்கு அலாரம் இல்லை.

குழந்தை பின்னறையில்தான் தூங்குகிறாள். முன்னறையில் பஸ் சத்தம். பகலெல்லாம் டீச்சர் வந்து மடியில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லித் தருகிறாள். இரண்டாம் வாய்ப்பாட்டுக்குள் தூங்கிவிடுகிறாள்.

நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. துளை போட்ட ஆள் யார் என்று தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன், லாரி நிற்கிறது.

கிழக்குத் தெருவுக்கும் அலாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கு. சும்மா விடாதே. காகிதத்தில் ஆயிரம் இருக்கும், மண் பத்தடிக்கு ஒரு குணம். நாலு துளை வரைக்கும் ஜல்லியும் தடுப்பும் போட்டு வழியை அடைத்தால், மிச்சம் இருக்கிற பக்கம்தான் அது திரும்பும். இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீயாக யோசித்ததாகச் சொல்.

ஜன்னலைத் திறந்து வை. தயவுசெய்து.

தம்பி


மே 12

தம்பி,

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பரீட்சைப் பேப்பர் திருத்த வெளியூர் போயிருந்தாள். நாலு நாள் வீடு பூட்டியே கிடந்தது. நள்ளிரவில் வந்து படுத்தவள், காலை ஆறு மணிக்குப் பின்கட்டில் மோட்டார் ஸ்விட்சைப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அலமாரியிலிருந்து விழுந்தது. உன் அத்தான் அந்த முழங்காலோடு மதில் ஏறிக் குதித்துப் போய்த் தூக்கி வந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டன. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டதால் கண் தப்பித்தது.

நகராட்சி ஆட்கள் வந்தார்கள். சமையலறை பக்கத்திலேயே இருக்கிறது, சிலிண்டரை மூடாமல் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எழுதிவிட்டார்கள். மோப்பம்மா அன்று மத்தியானம் ஓடி வந்து கருவியை வைத்துப் பார்த்தாள். கதவும் ஜன்னலும் பிய்ந்து போன வீட்டில் காற்றுதான் இருந்தது. ஒன்றும் காட்டவில்லை. காகிதத்தில் களிமண். அவளாலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தனியாக இருக்கிறவள், மறதி வந்துவிட்டது என்கிறார்கள். கட்டோடு படுத்துக்கொண்டு அவள் ஒன்றையே சொல்கிறாள். “மூடினேன். ரெண்டு தடவை திருகிப் பாத்தேன். நான் எதையும் ரெண்டு தடவை பாக்கறவ.” நேற்று முதல் தடவையாக, “ஒருவேளை மூடலையோ?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு அங்கே அழ முடியவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன்.

அலாரம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு வேறு ஏதாவது தெரியுமா? என் மனசு சரியாக இல்லை.

அக்கா


மே 17

பூங்கா மதில் ஓரம் தகரக் கொட்டகையில் இருக்கும் வாயு ஆய்வாளர் அம்மையாருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கையில் வைத்திருக்கும் பழைய மண் பரிசோதனைக் காகிதம் என் கையால் எழுதியது. ஐந்து துளைகளையும் போட வேண்டியவன் நான்தான்.

நான் நாலு துளைதான் போட்டேன். ஐந்தாவது இடத்துக்குப் போகும்போது போர் வண்டியின் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. வெளியே இழுக்கவே அரை நாள் ஆனது. மழை இறங்கிவிட்டது, கம்பெனியில் மறுநாளே காகிதம் வேண்டும் என்றார்கள். நாலாம் துளை மண்ணையே இரண்டு டப்பாவில் பிரித்துப் போட்டு, ஒன்றில் ஐந்து என்று எழுதினேன். எங்கள் தொழிலில் அந்தக் காலத்தில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பக்கத்துத் துளைதானே, மண் மாறவா போகிறது என்போம்.

ஆனால் எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. சக்கரம் புதைந்த பள்ளத்தில் கறுப்புச் சேறும், கிழிந்த பிளாஸ்டிக்கும், ஒற்றைச் செருப்பும் பார்த்தேன். அந்த மூலையில் முன்பு ஒரு குட்டை இருந்திருக்க வேண்டும். அதையும் குப்பையால் நிரப்பியிருக்கிறார்கள். நாலாம் துளையில் வந்த களிமண் அந்தக் குட்டையின் கரை. நீங்கள் ஜல்லியும் தடுப்பும் போட்டு ஒரு பக்கத்தை அடைத்ததும் வாயு இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

மூலை வீட்டு டீச்சர் சிலிண்டரை மூடியிருந்தார் என்று நான் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வந்து எழுதிக் கொடுப்பேன். அடுத்த வீட்டின் பின்னறையில் ஆறு மாதக் குழந்தை தூங்குகிறது. இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே முதலில் அந்த அறைக்குப் போங்கள். அந்த வீடு என் அக்காவுடையது. அங்கே மனை போடுகிறார்கள் என்று அத்தானுக்குச் சேதி சொன்னதும் நான்தான்.

என் பெயரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்ள விடுங்கள். தபாலை நம்பாமல் லாரி டிரைவர் கையில் கொடுத்து, டவுனிலிருந்து பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழே பெயர் எழுதியிருப்பவன்


ஜூன் 2

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மே இருபதாம் தேதி காலை பதினோரு மணிக்கு மோப்பம்மா வாசல் மணியைக்கூட அடிக்காமல் ஓடி வந்தாள். நேரே பின்னறைக்குப் போனாள். கட்டில் காலுக்கு அருகே தரை வெடிப்பில் குழாயை வைத்தாள். கருவி கத்த ஆரம்பித்தது. “ஸ்விட்சு எதையும் தொடாதீங்க. அணைக்கவும் வேணாம். குழந்தையைத் தூக்கிக்கிட்டு அப்படியே வெளிய வாங்க” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. மகள் உருண்டையை வாரிக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஓடினாள். ஒரு மணி நேரத்தில் கிழக்குத் தெரு முழுவதையும் காலி செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்கு இரண்டு குடும்பமாக இருக்கிறோம்.

மறுநாள் எந்திரம் வந்தது. எங்கள் பின்சுவருக்குப் பின்னால் துளை போட்டார்கள். ஏழாவது அடியில் கறுப்புத் தண்ணீரும் குப்பையும் வந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பூதம் இருபத்திரண்டு வருடமாக எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. இப்போது வரிசையாகக் குழாய் இறக்கி, காற்றாடி வைத்து வாயுவை உறிஞ்சி, உயரமான குழாயில் கொண்டுபோய் எரிக்கிறார்கள். வீட்டுத் தரைகளைப் பெயர்த்து ரப்பர் விரிப்பு போட்டு மறுபடி பூசப்போகிறார்கள். ஆறு மாதம் ஆகும். டீச்சர் வீட்டுக் காகிதத்தில் சிலிண்டர் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டார்கள். அதைச் சொன்னதும் அவள், “ரெண்டு தடவை திருகினேன்” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே இருந்தாள். நான் துடைத்துவிட்டேன்.

திடீரென்று எப்படித் தெரிந்தது என்று மோப்பம்மாவைக் கேட்டேன். “அந்தக் காலத்துல இங்க துளை போட்டவர் எழுதியிருக்கார். நானும் காயிதத்தை நம்பி உக்காந்துட்டேன், என்னையும் திட்டுங்க” என்றாள். கடிதத்தைக் காட்டு என்றேன். தயங்கினாள். மேல் பாதியை மட்டும் காட்டினாள். பெயர் இருந்த கீழ்ப் பாதியை மடித்துப் பிடித்திருந்தாள்.

பெயர் எனக்கு வேண்டியிருக்கவில்லை. உனக்கு ஐந்து வயதில் எழுத்து கூட்டக் கையைப் பிடித்துப் பழக்கியவள் நான்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். எழுதினால் அத்தான் முகத்தில் எப்படி முழிப்பது என்று தோன்றியது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், குழந்தையை மாற்றிப் படுக்க வைத்தால் போதும், நான் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் சேதி வந்த அன்று என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் கோழை அக்கா. வேறு சொல் இல்லை.

டீச்சர் கை எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா? விரல் மடங்குமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது நான் என்று டீச்சரிடம் சொல்லிவிடாதே. பத்து நாளில் லீவு போட்டு வந்து நானே நேரில் சொல்கிறேன். அவர் வாயால் என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் சொல்லாதே.

அத்தானுக்கும் மருமகளுக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி


ஜூலை 11

துளை போட்டவருக்கு,

நான் மூலை வீட்டுக் கணக்கு டீச்சர். ரெண்டு கையிலயும் கட்டு இருக்கறதால நான் சொல்றத பக்கத்து வீட்டுக்காரி எழுதறா. ஒரு வார்த்தை மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

உங்க கடிதத்த, சிலிண்டர் பத்தி எழுதின வரி வரைக்கும், வாயு ஆய்வு மேடம் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. நான் சிலிண்டர மூடினேன்னு நம்பினது ரெண்டு பேர். ஒண்ணு இப்ப எழுதிக்கிட்டு இருக்கறவ. இன்னொண்ணு நீங்க. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் உக்காந்தேன். ஆனா நன்றின்னு சொல்ல வாய் வரல. அதனால நடந்ததச் சொல்றேன்.

முப்பது வருஷமா பேப்பர் திருத்தறேன். பக்கத்துல பாத்து எழுதினவன உடனே பிடிச்சிருவேன். ரெண்டு பேப்பர்லயும் ஒரே தப்பு, ஒரே இடத்துல இருக்கும். உங்க நாலாம் துளைக் கணக்கையும் அஞ்சாம் துளைக் கணக்கையும் மேடத்துகிட்ட வாங்கிப் பாத்தேன். அதே ஆழம், அதே நிறம், அதே ஈரம், புள்ளிக்கு அப்புறம் ரெண்டு ஸ்தானம் வரைக்கும் ஒண்ணு. என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற துளைக் கணக்க, அதுவரைக்கும் என் கண்ணுல யாரும் காட்டல.

கை ஆறிரும்னு டாக்டர் சொல்றார். விரல் மடங்க நாளாகுமாம். போர்டுல இனிமே வட்டம் போட முடியுமான்னு கேட்டேன். பாக்கலாம்னார். பாக்கலாம்னா முடியாதுன்னு எனக்குத் தெரியும், நானும் பிள்ளைங்களப் பெத்தவங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்.

துளை போடாததுக்கு எனக்குக் கோவம் இல்ல. அன்னிக்கு மழை, அவசரம், சின்ன வயசு. ஆனா தீ வந்தது பிப்ரவரியில. ஜல்லி போட்டது வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்க எழுதினது மே மாசம். நடுவுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? வாய்ப்பாடு தெரியாததுக்கு நான் யாரையும் அடிச்சதில்ல. தெரிஞ்சுக்கிட்டே சும்மா உக்காந்திருந்தா விட்டதில்ல. உங்க வீட்டு மனுஷங்க யாராச்சும் அந்த மண்ணு மேல படுத்திருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க.

அவ்வளவுதான்.


தம்பி,

மேலே இருப்பது டீச்சர் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. நீ வருகிறேன் என்று சொல்லி இருபத்தேழு நாள் ஆகிவிட்டது. உடம்பு சரியில்லையா, வண்டி பழுதா என்று இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை.

உங்க வீட்டு மனுஷங்க என்ற அந்த வரியை அவள் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. “என்ன, வேகமா சொல்லிட்டேனா?” என்றாள். இல்லை என்று சொல்லி எழுதினேன். முப்பது வருடமாகத் தப்பு கண்டுபிடிக்கிறவள் சொன்ன அந்த ஒரு வரி தப்பு. உன் வீட்டு மனுஷர்கள் அங்கேதான் படுத்திருந்தார்கள். உனக்குத் தெரிந்தும் இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியாமல் எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? நீ செய்ததற்கு நான் அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் மேல் எனக்கு இருக்கிற பிரியமும் எங்கும் போய்விடவில்லை, அதுதான் கொடுமை.

கடிதத்தை மடித்து வை, மேடம் வந்தால் கொடுக்கலாம், அவரிடம்தான் விலாசம் இருக்கிறது என்றாள் டீச்சர்.

“விலாசம் எனக்குத் தெரியும் டீச்சர்” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள், அவளையும் பார்த்தாள். என்னென்னவோ கேட்பாள் என்று காத்திருந்தேன். “உறையை இங்க மேஜை மேல வெச்சு எழுது, நான் பாக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

அவள் கண் முன்னாலேயே உறைமேல் உன் பெயரை எழுதினேன்.

அக்கா